முகூர்த்த வெட்டு

போன வைகாசியில் தேங்காய் வியாபாரி வந்தார். உரித்துப் போட்டிருந்த குவியலில் ஒரு காயை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினார். தண்ணீர் ஆடவில்லை. இன்னொன்றை எடுத்து ஆட்டினார். அதுவும் ஊமை. காயைக் குவியலிலேயே போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க, இது காய் வெட்டுங்களா, கல்யாண வெட்டுங்களா?"

கல்யாண வெட்டுதான். மறைக்க ஒன்றுமில்லை. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற வழியில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் தென்னை. 45 நாளுக்கு ஒரு வெட்டு என்பது மரத்தின் கணக்கு. பாளை வெடித்து 12 மாதத்தில் காய் முற்றும். முற்றிய குலையை மட்டும் இறக்குவோம்; அடுத்த குலை தன் முறைக்குக் காத்திருக்கும். ஆனால் வருகிற முகூர்த்தத்துக்கு மரத்தடியில் 600 பேர் பட்டுடுத்தி உட்காரப் போகிறார்கள் என்றால் மரத்தின் கணக்கு செல்லாது. நாலு நாள் முன்னதாகவே, விழக்கூடிய காய், விழுமோ என்று சந்தேகம் தருகிற காய், காய்ந்த மட்டை, பன்னாடை எல்லாவற்றையும் இறக்கி மரத்தைத் துடைத்து வைக்க வேண்டும். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை தலையில் தேங்காய் விழுந்தால் அதைச் சகுனம் என்பார்களோ, கேஸ் என்பார்களோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

வியாபாரி விலையைக் குறைத்தார். நியாயம்தான். முற்றாத காய் கொப்பரைக்கு ஆகாது; உலர வைத்தால் சுருங்கிப்போகும். நான் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். அவர் குறைத்த தொகையைப்போலப் பல மடங்கு அந்த முகூர்த்த வாடகையில் முன்பணமாகவே வந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியும்.

எங்கள் அப்பாரு (தாத்தா) இருந்திருந்தால் என்னை அந்தக் குவியல்மேலேயே உட்கார வைத்து உரித்திருப்பார்.

•

இந்த இடத்தில் நடந்த முதல் கல்யாணம் என் அக்காவுடையது. 1979, தை மாதம். எனக்குப் பதினைந்து வயது. அப்போது இது தோப்பு இல்லை, தோட்டம். கிணற்று மேட்டிலும் வாய்க்கால் கரையிலும் இருபது முப்பது தென்னை நின்றது. மற்றபடி நிலக்கடலை, சோளம், மாட்டுக்குத் தட்டு. நடுவில் சாளை, ஓட்டுக்கூரை, சாணி மெழுகிய திண்ணை. சாளைக்கு முன்னால் களம், பின்னால் கட்டுத்தரை.

மாப்பிள்ளை வீட்டார் ஐப்பசியில் முகூர்த்தம் கேட்டார்கள். அப்பாரு திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "கடலை இன்னும் மண்ணுக்குள்ள கெடக்குதுங்க. அதப் புடுங்கி, காய வெச்சு, வித்துக் காசு கைக்கு வந்தாத்தானுங்க சீர் செய்ய முடியும். தையில வெச்சுக்கலாமுங்க." எதிரே உட்கார்ந்திருந்தவர் முகம் சுளிக்கவில்லை. அவருடைய கடலையும் மண்ணுக்குள்தான் கிடந்தது.

அன்றைக்குப் பண்ணையத்தைப் பார்த்துக் கல்யாணம் வைத்தோம். இன்றைக்குக் கல்யாணத்தைப் பார்த்துப் பண்ணையம் வைக்கிறோம். எங்கள் குடும்பத்தின் 45 வருஷ வரலாறு இதற்குள் அடங்கிவிடும். ஆனால் நடுவில் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும்.

கடலை பிடுங்கிக் களத்தில் காய்ந்தது. மூட்டை போனதும் களத்தைச் சாணி போட்டு வழித்தார்கள். அதே களத்தில் பந்தல். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் தென்னங்கீற்று வண்டியில் வந்து இறங்கியது. வாய்க்கால் தண்ணீரில் ஊறப்போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரு வாரம் முடைந்தார்கள். பந்தலுக்கு உயரம் கிடையாது. ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். "பணிவா இருக்கட்டும்னு தாழக் கட்டுனது" என்று யாரோ சொன்னதற்கு அப்பாரு, "காத்துக்கு இருக்கட்டும்னு கட்டுனது" என்றார்.

உறம்பரைச் சனம் மூன்று நாள் முன்பே வந்துவிட்டது. வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பெண்கள் ஒரு பக்கம் சந்தகை பிழிந்தார்கள், ஒரு பக்கம் ஒப்புட்டு தட்டினார்கள். ஆண்களில் பாதிப் பேர் விறகு பிளந்தார்கள். மீதிப் பேர் விறகு பிளப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிணற்று மேட்டுத் தென்னையில் குழாய் ரேடியோ கட்டி, ஊசி தேய்ந்த இசைத்தட்டில் ஒரே பாட்டு மூன்று நாளும் ஓடியது. ஒரு பெரியப்பா, தாம்பூலத் தட்டைத் தனக்கு முன்னால் வேறொருவருக்கு நீட்டிவிட்டார்கள் என்று சொல்லிச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். வாய்க்கால் பாலம் வரைக்கும் நாலு பேர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தார்கள். பிடித்து இழுக்க ஆள் வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவர் மெதுவாக நடந்தார்.

பந்தி முடிந்ததும் எச்சில் இலையெல்லாம் கட்டுத்தரைக்குப் போனது. மறுநாள் காலை எங்கள் காரி மாடு வயிறு உப்பிப் படுத்துவிட்டது. சோறும் பாயசமும் அளவுக்கு மிஞ்சினால் மாட்டுக்கு விஷம். கல்யாண வீட்டில் ஒரே ஒரு சீவன்தான் வயிறு முட்டச் சாப்பிட்டது, அதுவும் படுத்துக்கொண்டது என்று ஆத்தா புலம்பினாள். சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி அதை எழுப்பி நிறுத்தும்போது சாயங்காலமாகிவிட்டது.

பொற்காலம் என்று சொல்லிவிட்டு இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்த மாதிரிக் கட்டுரைகளை அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கல்யாணத்தில் இன்னொரு பந்தியும் உண்டு. கீற்று முடைந்தவர்கள், குழி தோண்டிப் பந்தக்கால் நட்டவர்கள், கொட்டு அடித்தவர்கள் எல்லாம் கட்டுத்தரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். கடைசிப் பந்தியும் எழுந்த பிறகுதான் அவர்களுக்கு. சிலர் முன்னால் இலை. சிலர் கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த போசி. நான்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினேன். எட்டி நின்று ஊற்றினேன். அது எனக்குத் தவறாகப் படவில்லை. சாம்பார் சிந்தாமல் ஊற்றுகிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

•

அப்பா 1984இல் தென்னை வைத்தார். கடலைக்குக் களை வெட்ட ஆள் இல்லை என்பது காரணம். 25 அடிக்கு ஒரு மரம், ஏக்கருக்கு 70 மரம், ஐந்து ஏக்கருக்கு 350. 'வெச்சுட்டா நம்மள அது பாத்துக்கும்' என்று ஊரே சொன்னது. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத்தான் வரும். வராத காலத்துக்குக் கிணறு இருந்தது. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரமும் இலவசம். மோட்டாரைப் போட்டுவிட்டுத் திண்ணையில் படுத்தால் மரம் காய்த்துவிடும் என்று நம்பினோம். சில வருஷம் அப்படித்தான் காய்த்தது.

பிறகு மரம் எங்களைப் பார்த்துக்கொள்வதை நிறுத்திவிட்டது. 1990களின் கடைசியில் சிலந்திப் பேன் வந்து காயெல்லாம் சொறி பிடித்துச் சிறுத்தது. அடுத்து விலை விழுந்தது. ஒரு காய் 3 ரூபாய்க்குக் கேட்டார்கள், பறிகூலி போக மட்டைதான் மிச்சம். 2016இல் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவிலிருந்து கிளம்பி வந்த பூச்சி இந்தியாவில் முதலில் இறங்கிய இடங்களில் எங்கள் பொள்ளாச்சியும் ஒன்று. அந்த ஈ கழிக்கிற இனிப்புப் பிசின் அடியிலுள்ள ஓலைமேல் வடியும். அதில் கரும்பூசணம் படரும். தோப்பே கரி பூசிய மாதிரி ஆகிவிடும். அதே வருஷம் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 கோடையில் கிணற்றில் கல் தெரிந்தது. போர்வெல்லில் புகை வந்தது. தோப்பின் நடுவில், பாறை மேலாக இருக்கிற இடத்தில், 42 மரம் மண்டை சாய்ந்தது. அத்தனையையும் வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றினோம். நடுவில் அரை ஏக்கருக்குமேல் வெறும் வானம்.

அந்த வெறும் வானம்தான் இப்போது மணமேடை.

கோயமுத்தூரிலிருந்து ஈவெண்ட் மேனேஜர் முதல்முறை வந்தபோது அங்கே நின்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செம பிளானிங் அங்கிள். ஸ்டேஜுக்குன்னே கேப் விட்டு மரம் வெச்சிருக்கீங்க."

நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

•

கல்யாணத் தொழிலுக்கு நாங்களாக வரவில்லை, கொரோனா இழுத்துவிட்டது. 2020 வைகாசியில் தம்பி மகளுக்குப் பொள்ளாச்சியில் மண்டபம் பிடித்து, 1,500 பத்திரிகை அடித்து, முக்கால்வாசி கொடுத்தும் ஆகிவிட்டது. ஊரடங்கில் மண்டபம் பூட்டிக்கிடந்தது. 50 பேருக்குமேல் கூடக் கூடாது என்று உத்தரவு. மாப்பிள்ளை வீட்டார் வெளி மாவட்டம். இ-பாஸ் வாங்கித்தான் வந்தார்கள். 42 மரம் போன இடத்தில் நாலு மூங்கிலை நட்டு, இருக்கிற சேலைகளைக் கட்டிக் கல்யாணத்தை முடித்தோம். கூப்பிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வராதீர்கள் என்று திரும்பக் கூப்பிட்டுச் சொன்னதுதான் அந்தக் கல்யாணத்தின் பெரிய வேலை. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மொய் மட்டும் போனிலேயே வந்துவிட்டது.

என் மகள் நாலு போட்டோவை இன்ஸ்டாகிராமில் போட்டாள். சாயங்கால வெயில், தென்னை நிழல், சேலைப் பந்தல். சேலை கட்டியது கையில் காசில்லாததால்; பார்த்தவர்கள் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் முன்பின் தெரியாதவர்கள் போன் செய்தார்கள். "உங்க வெனியூ அவைலபிளா?" என்று கேட்டதற்கு என் மனைவி, "அவரு தோப்புல இருக்காருங்க" என்று பதில் சொல்லி வைத்துவிட்டாள்.

இப்போது அவள்தான் டைரி பார்க்கிறாள். முன்பெல்லாம் அந்த டைரியில் வெட்டு நாள், காய் எண்ணிக்கை, உரம் வைத்த தேதி இருக்கும். இப்போது முகூர்த்தத் தேதிகள். அதைச் சுற்றி மிச்சமிருக்கிற இடத்தில் தென்னை. வருகிறவர்களையும் நாங்கள் உறம்பரை என்று சொல்வதில்லை, கிளையண்ட் என்கிறோம். உறம்பரையிடம் முன்பணம் வாங்க முடியாது.

ஒரு முகூர்த்தத்துக்கு எங்களுக்கு வருகிற வாடகை இரண்டு வெட்டுத் தேங்காய்க்குச் சமம். இரண்டு வெட்டு என்றால் மூன்று மாதம். அதாவது 308 மரம் மூன்று மாதம் நின்று சம்பாதிப்பதை, அதே 308 மரம் ஒன்றரை நாள் போட்டோவில் நின்று சம்பாதித்துவிடுகிறது. மரம் அறிந்தால் காய்ப்பதையே விட்டுவிடும்.

ஆடிட்டர் இன்னொரு சூட்சுமம் சொன்னார். தேங்காய்க்கு ஜிஎஸ்டி கிடையாது. வரவு வரம்பைத் தாண்டினால், தென்னை மர நிழலுக்கு 18 சதவீதம் உண்டு.

மோட்டாருக்கு வருகிற இலவச மின்சாரத்தில் சீரியல் பல்பு எரியக் கூடாது, சட்டப்படி தப்பு. தனி இணைப்பு, தனி மீட்டர், தனி ஜெனரேட்டர். மரம் ஏறுகிற தம்பி இப்போது இரண்டு ரேட் சொல்கிறான். காய் இறக்க ஒன்று, லைட் கட்ட ஒன்று. லைட் ரேட்தான் கூட. "காய் போடறதுக்கு ஏறுனா காய்தானுங்க வருது. லைட்டுக்கு ஏறுனா வீடியோவுல நானும் வர்றேன்" என்றான். அவன் சொன்னதில் எனக்கு மறுக்க ஒன்றுமில்லை.

•

வருகிறவர்களுக்கு வேண்டியது தோட்டம்தான். ஆனால் தோட்டத்தில் இருப்பவை வேண்டாம்.

மாடு வேண்டும், சாணி வேண்டாம். மாடு என்றால் எங்கள் கட்டுத்தரையில் நிற்கிற கலப்பினப் பசு இல்லை. அது பால் கறக்கும், போட்டோவுக்கு ஆகாதாம். வாடகைக்குக் காங்கேயம் காளை சோடியும் வண்டியும் வருகின்றன. மாப்பிள்ளை வண்டியில் ஏறிச் சாட்டையைக் கையில் பிடிப்பார். கார் சாவி சட்டைப் பையில் இருக்கும். காளை இரண்டும் கேமராவை மட்டும் பார்த்துப் பழகியவை.

மயில் வருமா என்று கேட்காதவர்கள் இல்லை. வராமல் இருக்க வழி சொல்லுங்கள் என்று நாங்கள் கேட்காத இடமில்லை. ஊடுபயிராகத் தட்டைப்பயிறு விதைத்தால் முளைக்கிற முன்பே கொத்திவிடும். சட்டப்படி அதைத் தொடவும் முடியாது. ஆனால் முகூர்த்தத்தன்று மட்டும் ஒரு மயிலும் எட்டிப் பார்க்காது. டிஜே சத்தம் அதற்கும் பிடிக்கவில்லை. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது விதி. மயில் அதுவரை காத்திருப்பதில்லை.

வெள்ளை ஈக்குப் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது, நன்மை செய்கிற பூச்சியும் சாகும் என்று வேளாண் பல்கலைக்கழகத்தார் சொல்லி, மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டி வைத்திருக்கிறோம். ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு மணப்பெண்ணின் அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "டெகரேஷன் நல்லாருக்கு, ஆனா எங்க தீம் லேவண்டர்" என்றார். அன்றைக்கு மட்டும் கழற்றி வைத்தோம். ஈக்கு லேவண்டர் பிடித்திருந்ததோ என்னவோ, அடுத்த வாரம் கூடுதலாக வந்தது.

கரும்பூசணம் படிந்த ஓலையைக் கழுவ முடியாது. அதனால் போட்டோகிராபர் கம்ப்யூட்டரில் கழுவிவிடுகிறார். எங்கள் தோப்பு எவ்வளவு பச்சை என்று தெரிந்துகொள்ள நானே சில சமயம் அவர்கள் ஆல்பத்தைத்தான் பார்க்கிறேன்.

இளநீர்ப் பாயசம் இல்லாத விருந்து இல்லை. அதற்கான இளநீர் லாரியில் வருகிறது. எங்கள் மரம் நெட்டை ரகம், கொப்பரைக்கானது. இளநீருக்குக் குட்டை ரகம்தான் தோது. தென்னந்தோப்புக்குள் இளநீர் ஏற்றிய லாரி நுழைவதை வழியில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

முந்தின நாள் 'ஹல்தி' என்று ஒன்று நடக்கிறது. ஈரோட்டு மஞ்சள் விளைகிற கொங்கு நாட்டில், மஞ்சள் பூசி நலங்கு வைத்துக்கொண்டிருந்த சனங்கள் நாங்கள். இப்போது அதையே இந்திப் பெயரில், பொட்டலம் பிரித்துச் செய்கிறோம். ஆத்தா இருந்திருந்தால், நலங்குக்கு எதற்கு யூனிஃபார்ம் மாதிரி டிரஸ் என்று கேட்டிருப்பாள்.

குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் ரேட் கார்டில் வரி இருக்கிறது.

•

காற்றுக்கு மட்டும் வரி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஆனியில் ஒரு கல்யாணம். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. "20 அடி உயரத்துக்குத் துணி கட்டாதீங்க" என்றேன். "அங்கிள், ஹைட் இருந்தாத்தான் கிராண்டா இருக்கும்" என்றார்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கிராண்ட் எல்லாம் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் கிடந்தது. அலங்காரத் தூண் ஒன்று சாய்ந்து, சொட்டுநீர்க் குழாயைக் கிழிக்க, மணமேடை முழுக்கத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கேட்வால்வை மூட நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியதை டிரோன் படம் பிடித்திருக்கிறது. அவர்கள் கல்யாண வீடியோவில் அதுவும் வருகிறதாம்.

ஆறு மணிக்குப் பெண் வந்து பார்த்தாள். அழவில்லை. "மரத்தடியிலேயே வெச்சுக்கலாங்களா?" என்று கேட்டாள். சாளைக்குள் கிடந்த பழைய பவானி ஜமக்காளம் இரண்டை எடுத்துவந்து மரத்தடியில் விரித்தோம். தாலி கட்டி முடிந்தது. அப்பாரு சொன்ன 'காத்துக்கு இருக்கட்டும்' அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. ஆடி ஆகாத மாசம், மார்கழி சாமிக்கான மாசம் என்பார்கள். பண்ணையம் பார்த்தவனுக்கு வேறு காரணமும் தெரியும். ஆடி விதைக்கிற மாசம். மார்கழி அறுக்கிற மாசம். கல்யாணத்துக்குப் போக ஆளுமில்லை, அழைக்க நேரமுமில்லை. தென்னைக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை உரம். ஆனி–ஆடியில் ஒன்று, மார்கழி–தையில் ஒன்று. மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி எடுத்து, தொழுவுரம், யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் போட்டு மூட வேண்டும். முகூர்த்தம் இல்லாத மாசங்களைப் பார்த்துப் பார்த்து மரத்துக்கு ஒதுக்கிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

இப்போது அந்த மாசங்களுக்கு ஆஃப் சீசன் என்று பெயர். வளைகாப்பு, பிறந்தநாள், கம்பெனி கெட்-டுகெதர் என்று எதையாவது பிடித்துப் போட வேண்டும். தள்ளுபடி அறிவிக்க வேண்டும். போன மார்கழி முழுக்க நான் அந்த வேலையில்தான் இருந்தேன்.

2025இல் தேங்காய் விலை யாரும் பார்க்காத உயரத்துக்கு ஏறியது. தேங்காயெண்ணெய் வாங்கப் பயந்தார்கள் சனங்கள். எங்கள் வாழ்நாளில் தேங்காய் தங்கம் ஆன வருஷம் அது. அந்த வருஷம் வைகாசி, ஆனி, ஆவணி மூன்று மாசமும் எங்களுக்குக் கல்யாண வெட்டு. அதில்தான் வியாபாரி காயைக் காதில் வைத்து ஆட்டினார்.

•

கடைசியாக இந்தத் தை முகூர்த்தம்.

பெண், கோயமுத்தூரில் மென்பொருள் கம்பெனியில் வேலை. போனில் பேசி, படம் பார்த்து, முன்பணம் அனுப்பிய பிறகு நேரில் வந்தாள். கூடவே வந்தவரைப் பார்த்து நான் எழுந்து நின்றேன். 1979இல் அக்கா கல்யாணத்துக்குக் கீற்று முடைந்தவர். 1984இல் மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடி என்று 350 குழியில் பெரும்பாலானவற்றை வெட்டியவர். கட்டுத்தரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர். பெண் அவருடைய பேத்தி.

என்னைவிடப் பத்து வயது மூத்தவரை அந்தக் காலத்தில் நான் பெயர் சொல்லி வா, போ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைச் சின்னப் பண்ணாடி என்பார். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார். பேத்தி, "தாத்தா, அங்கிள்னு சொல்லு" என்றாள். அவர் இரண்டும் சொல்லவில்லை. வாடகையில் குறைத்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னதற்கும் அவள்தான் பதில் சொன்னாள்: "வேண்டாங்க அங்கிள். ரேட் கார்டு பாத்துட்டுத்தான் வந்தோம்."

ரசீதைத் தாத்தா பெயரில் கேட்டாள். திரு என்று போட்டு எழுதினேன். 45 வருஷத்தில் அந்தப் பெயருக்கு முன்னால் என் கை எழுதிய முதல் மரியாதை அது. அதற்கும் முழு வாடகை வாங்கிக்கொண்டுதான் எழுதினேன்.

கல்யாணத்தன்று அவர் முதல் பந்தியில் உட்கார்ந்தார். பேத்தியின் ஆபீஸ்காரர்கள் பக்கத்தில். நான் போய் நின்றேன். பரிமாறக் கேட்டரிங் ஆட்கள் இருக்கிறார்கள். என் கையில் வாளி இல்லை. சும்மா நின்றேன்.

சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவிவிட்டு மரத்தடிக்குப் போனார். தலையை நிமிர்த்தி ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். இந்த ஐந்து வருஷத்தில் இங்கே வந்த ஆயிரக்கணக்கானவர்கள் மரத்தோடு நின்று படம் எடுத்திருக்கிறார்கள். மரத்தைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்: "அடிமட்டையெல்லாம் நுனியிலிருந்து மஞ்சளாயி வருதுங்க. மார்கழிக்குப் பொட்டாசு வெக்கலீங்களா?"

வைக்கவில்லை.

மறுவாரம் ஏழு மூட்டை இறக்கி, 308 மரத்துக்கும் தலைக்கு ஒரு கிலோ வீதம் வைத்தேன். அதற்கான காசு அவர் கட்டிய வாடகையிலிருந்து போனது.